இதயம் மாற்றி எட்டு மாதம்: குளிசையை எப்போது நிறுத்தலாம்?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அத்தானுக்குச் சென்னையில் இதயம் மாற்றி 8 மாதம். இப்போது கொழும்பில் இவர்களோடுதான் இருக்கிறார். கடைக்கு நடந்து போய் வருகிறார், மூன்று மாடி ஏறுகிறார், ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் காலையும் மாலையும் கைநிறையக் குளிசை. "இவ்வளவு நாளில் உடம்பு புது இதயத்துக்குப் பழகியிருக்காதா? எப்போது நிறுத்தலாம்? போன மாதம் பாமசியில் வேறு கம்பனிக் குளிசை தந்தார்கள், நிறம்கூட வேறு. அதுவும் இதுவும் ஒன்றா? மாமி எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் அவித்துக் கொடுக்கிறா. நல்லூர்த் திருவிழாவுக்குப் போகலாமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

முதற் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்த ஏலாது. குறைப்பார்கள், அத்தானுக்கு ஏற்கெனவே நிறையக் குறைத்திருப்பார்கள். முதல் வாரத்துச் சீட்டையும் இப்போதைய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும். ஆனால் ஒன்றுமே வேண்டாம் என்ற நாள் வராது. கசாயத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றவற்றுக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

நான் டொக்டர் இல்லை. அரச ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் நின்ற மருந்தாளர். இப்போது ஓய்வு. அத்தானுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது அவருடைய டொக்டரின் வேலை. அந்தக் குளிசைகள் உள்ளே என்ன செய்கின்றன, எங்கே பிழைக்கும் என்பது நான் சொல்லக்கூடியது.

"ஒரு வருத்தமும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம்தான். ஆனால் என்னைப் பயப்படுத்திய வரியும் அதுதான். இதயத்தை மாற்றும்போது இரத்தக் குழாய்களைத் தைத்து இணைப்பார்கள். நரம்புகளை இணைக்க வழியில்லை. அறுந்தது அறுந்ததுதான். சிலருக்கு வருடங்கள் போகப்போக ஓரளவு முளைக்கும், அதை நம்பியிருக்க முடியாது. அத்தானின் நாடியைப் பிடித்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 90, 100 என்று ஓடும். மூளையிலிருந்து வந்து அதை அடக்கி வைக்கும் நரம்பு இப்போது இல்லை. படியேறத் தொடங்கினால் வேகமும் உடனே ஏறாது. இரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகுதான் கூடும், இருந்தபிறகும் கொஞ்ச நேரம் அப்படியே அடிக்கும். அந்த அறுந்த நரம்போடு நெஞ்சு நோவும் போய்விட்டது. எங்களுக்கு இதயத்தில் அடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். அத்தானுக்கு அந்த மணி அடிக்காது. உடம்பு புது இதயத்தைத் தாக்கத் தொடங்கினாலும் முதல் கட்டத்தில் அநேகமாக ஒன்றுமே தெரியாது. மூச்சு வாங்கி, கால் வீங்கி, களைப்பு வந்து தெரியும்போது தாக்குதல் நன்றாக முற்றியிருக்கும்.

ஆகவே இந்த வருத்தத்தில் ஆளைக் கேட்டு ஒன்றும் தீர்மானிக்கக்கூடாது. இரத்தத்தில் மருந்தின் அளவு, எக்கோ, இதயத்திலிருந்து கிள்ளி எடுக்கும் சதைத் துணுக்கு, சுவர் மணிக்கூடு ஆகிய நாலும் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இனி "பழகிவிடாதா" என்ற கேள்வி. கொழும்பில் யுத்த காலத்தில் இருந்த தமிழர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்காதவர் யார்? உடம்பிலும் அப்படித்தான். ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தன் மேற்பரப்பில் ஓர் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. எச்.எல்.ஏ. என்று அதற்குப் பெயர். அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. டீ செல்கள் என்ற வெள்ளணுக்கள் சுற்றித் திரிந்து அந்த அட்டையைப் பார்த்தபடி இருக்கும். தானமாக வந்த இதயத்தின் செல்கள் இறந்துபோன அந்த மனிதரின் அட்டையைத்தான் காட்டும். 8 மாதம் ஆனாலும் 18 வருடம் ஆனாலும் அதே அட்டைதான். வெள்ளவத்தையில் முப்பது வருடம் இருந்தவரிடமும் "சொந்த ஊர் எது" என்று கேட்டார்களே, அதுபோல.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் மாதங்களில் மருந்து அதிகமாகவும் பிறகு குறைவாகவும் ஏன் என்பதற்கு அதில்தான் விடை. தானம் கொடுத்தவரின் சில வெள்ளணுக்களும் அந்த இதயத்துக்குள் பயணம் செய்து வந்துவிடுகின்றன. அவை எங்கள் நிணநீர்க் கணுக்களுக்குப் போய் வெளியாளின் அட்டையை நேரடியாகக் காட்டுகின்றன. உடம்பு கொந்தளிக்கும். அந்த வெள்ளணுக்கள் நாளடைவில் செத்துவிடும், முதற் புயல் தணியும். அப்போது மருந்தையும் தணிக்கலாம். ஆனால் இதயத்திலிருந்து உதிரும் துணுக்குகளை எங்கள் சொந்த வெள்ளணுக்களே பொறுக்கிக் கொண்டுபோய்க் காட்டுவது ஒருநாளும் நிற்காது. அதனால்தான் மருந்து குறையும், முடியாது. ஈரல் மாற்றியவர்களில் சிலர் டொக்டர்களின் கண்காணிப்பில் மருந்தை முழுதாக விட்டிருக்கிறார்கள். ஈரலின் சுபாவம் வேறு. அந்தக் கதையை யாராவது சொன்னால் அத்தானுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

குளிசைகளுக்கு வருகிறேன். பெரும்பாலும் மூன்று இருக்கும்: டாக்ரோலிமஸ், மைக்கோபெனோலேட், பிரெட்னிசொலோன். டீ செல் ஒன்று வெளியாளைக் கண்டதும் அதற்குள் கல்சியம் கூடி, கல்சினியூரின் என்ற நொதி விழித்து, அது ஒரு தூதனைக் கருவுக்குள் அனுப்பி, இன்டர்லூக்கின் 2 என்ற பொருளைச் செய்ய வைக்கும். இந்த இன்டர்லூக்கின் தான் "பெருகு, படை திரட்டு" என்ற கட்டளை. டாக்ரோலிமஸ் கல்சினியூரினின் கையைக் கட்டிவிடுகிறது. வெளியாளைக் கண்டாலும் கட்டளை போகாது. அதையும் மீறிப் பெருகப் பார்க்கும் செல்களுக்கு டீ.என்.ஏ. கட்ட மூலப்பொருள் கிடைக்காமல் செய்வது மைக்கோபெனோலேட். மற்றச் செல்கள் பழைய சரக்கை எடுத்துச் சமாளித்துக்கொள்ளும். இந்த வெள்ளணுக்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு, அதனால் அடி அவற்றுக்குத்தான் விழும். பிரெட்னிசொலோன் ஒரு ஸ்டீரொயிட், எல்லாவற்றையும் பொதுவாக அமத்தும். அதன் கெடுதல் அதிகம் என்பதால் பல இடங்களில் முதல் வருடத்துக்குள் அதை மிகச் சிறிய அளவுக்குக் கொண்டுவருவார்கள், அல்லது மெதுவாக விட்டுவிடுவார்கள். மூன்று இடத்தில் மூன்று பூட்டு போட்டால் ஒவ்வொரு பூட்டும் சின்னதாக இருக்கலாம், அதுதான் கணக்கு. ஒப்பரேசன் நேரத்தில் சிலருக்கு பாசிலிக்சிமாப் என்ற ஊசியோ, முயலிலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதமோ கொடுத்திருப்பார்கள். அது முதற் புயலுக்கான குடை. அத்தானின் டிஸ்சார்ஜ் காகிதத்தில் இருந்தால் திகைக்க வேண்டாம்.

பூட்டைச் சிறிதாக வைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு முதலாவது ஒப்பரேசனே சாட்சி. 1967 டிசம்பர் 3ஆம் திகதி தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியன் பார்னார்ட், லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்பவருக்கு இதயம் மாற்றினார். உலகமே பேசியது. 18 நாளில் வாஷ்கான்ஸ்கி இறந்துவிட்டார். இதயம் நன்றாகத்தான் அடித்தது. நியூமோனியா கொண்டுபோனது. நுரையீரலில் தெரிந்த நிழலை நிராகரிப்பின், அதாவது உடம்பு புது இதயத்தைத் தாக்குவதன், அடையாளம் என்று முதலில் எண்ணி எதிர்ப்புச் சக்தியை இன்னும் அமத்தினார்கள். உண்மையில் அது கிருமி. இரண்டாவது ஆளான பிலிப் பிளைபெர்க் 1968 ஜனவரியில் புது இதயம் பெற்று 19 மாதம் இருந்தார். அவருக்கு நேர்ந்தது மறுபக்கம்: புது இதயத்தின் இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்ல அடைத்துப்போயின. கூடினால் கிருமி, குறைந்தால் நிராகரிப்பு. அந்த இரண்டு மனிதரிலும் முழுப் பாடமும் இருக்கிறது. அவர்களுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்றான அசதையோபிரினை இன்றைக்கும் சிலருக்குக் கொடுக்கிறோம். யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினோலோடு அது சேர்ந்தால் வெள்ளணு அதலபாதாளத்துக்குப் போகும். இது என் போன்றவர்கள் சீட்டைப் பார்த்ததும் கத்தும் இடம்.

1968இல் மட்டும் உலகத்தில் நூறுக்கு மேல் இதய மாற்று ஒப்பரேசன்கள் நடந்தன. ஆட்கள் வாரங்களிலும் மாதங்களிலும் இறந்தார்கள். பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் கையைக் கழுவிவிட்டன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நோர்மன் ஷம்வே விடவில்லை. கத்தியில் பிழை இல்லை, மருந்தில்தான் பிழை என்று அவர் நம்பினார். கழுத்து இரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை விட்டு இதயத்தின் உட்சுவரில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துப் பார்க்கும் முறையை அங்கேதான் பிலிப் கேவ்ஸ் 1973இல் கொண்டுவந்தார். அத்தானுக்குச் சென்னையில் முதல் மாதம் கிட்டத்தட்ட வாரத்துக்கு வாரம் செய்தது அதுதான். ரிப்போர்ட்டில் பூச்சியம் ஆர், ஒன்று ஆர் என்று இருந்தால் நிம்மதி. இரண்டு ஆர், மூன்று ஆர் என்றால் படுக்கவைத்து, பெரும்பாலும் மூன்று நாளுக்கு ஸ்டீரொயிட்டை இரத்தக் குழாயில் ஏற்றுவார்கள்.

விளையாட்டை மாற்றியது மண். சுவிற்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பனி ஊழியர் ஒருவர் 1969இல் நோர்வேயின் ஹர்டாங்கர்விட்டா மேட்டுநிலத்துக்கு விடுமுறையில் போய் ஒரு பிடி மண் கொண்டுவந்தார். அதிலிருந்த பூஞ்சையிலிருந்து வந்ததுதான் சைக்ளோஸ்போரின். 1983இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதய மாற்று உலகம் திரும்ப உயிர்த்தது அதற்குப் பிறகுதான். டாக்ரோலிமஸ் 1984இல் யப்பானின் சுக்குபா மலைப் பக்கத்து மண்ணில் இருந்த பக்டீரியாவிடமிருந்து கிடைத்தது. சிரோலிமஸ் என்ற இன்னொரு மருந்தின் மண்ணை 1964இல் ஈஸ்டர் தீவுக்குப் போன பயணக்குழு எடுத்து வந்தது. மைக்கோபெனோலேட்டும் பூஞ்சணத்தின் பிள்ளைதான். இந்தியாவில் முதல் வெற்றிகரமான இதய மாற்று 1994 ஓகஸ்டில் டில்லியில் நடந்தது. எங்கள் நாட்டில் 2017இல் கண்டி போதனா வைத்தியசாலையில். அந்த இடைவெளியில் எங்களிடமும் கை இருந்தது. மூளை இறந்தவரிடமிருந்து உறுப்பெடுக்கும் சட்டம் 1987இலேயே வந்துவிட்டது. கண்ணை உலகத்துக்கே அனுப்பிய நாடு இது. இதயத்துக்கு மட்டும் ஆட்கள் இன்னும் பலாலியிலிருந்தும் கட்டுநாயக்காவிலிருந்தும் சென்னைக்குத்தான் விமானம் ஏறுகிறார்கள்.

சரி, மணிக்கூடு. டாக்ரோலிமஸ் 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. இதன் சரியான அளவுக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி ஒரு விரற்கடை. முதல் மாதங்களில் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 10 முதல் 15 நானோகிராம், பிறகு 5 முதல் 10 என்ற அளவில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். ஆளுக்காள் டொக்டர் மாற்றுவார். அளப்பது எப்போது? அடுத்த குளிசை போடுவதற்குச் சற்று முன்னர், அளவு ஆகக் கீழே இருக்கும் நேரத்தில்.

இதில் நடந்த ஒரு கதை. சிறுநீரகம் மாற்றிய ஒருவர், அவருக்கும் இதே மருந்துதான். கிளினிக்குக்கு வந்தார், அளவு 19. டொக்டர் பயந்து மருந்தைக் குறைத்தார். அடுத்த முறை 18. திரும்பக் குறைத்தார். மூன்றாம் முறை அவர் மருந்தகத்து ஜன்னலில் நிற்கும்போது கையில் ஒரு சின்ன டப்பா, உள்ளே ஏழு அறை, அன்றைய காலை அறை வெறுமை. "ஐயா, இரத்தம் குடுத்தாச்சா?" என்றேன். "இப்ப ஒம்பது மணிக்குத்தான் குடுத்தனான் தம்பி." "குளிசை?" "அது ஆறு மணிக்கே போட்டிட்டன். சாப்பிடாம வரச் சொன்னவை, குளிசை போடவேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே." குளிசை போட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அளவு உச்சிக்குப் போகும். அந்த உச்சியைப் பார்த்து இரண்டு தடவை மருந்தைக் குறைத்திருக்கிறார்கள். உண்மையான அடிமட்ட அளவை எடுத்தபோது 3க்கும் கீழே. நல்ல காலம், சிறுநீரகம் தப்பியது. பிழை ஒருவருடையதும் இல்லை, எல்லாருடையதும்தான். அன்றிலிருந்து நான் கிளினிக் கொப்பியின் மட்டையில் சிவப்புப் பேனாவால் "முதலில் இரத்தம், பிறகு குளிசை" என்று எழுதிக் கொடுப்பேன். அத்தானின் கொப்பியிலும் எழுதிவிடுங்கள். குளிசையைக் கையோடு கொண்டுபோய், இரத்தம் கொடுத்த அந்த நிமிடமே அங்கேயே போட வேண்டும்.

நேரம் தவறினால்? கொஞ்ச நேரம்தான் பிந்தியது என்றால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த நேரம் கிட்டிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிட்டு, கிளினிக்குக்குச் சொல்லுங்கள். ஒருபோதும் இரட்டையாகப் போட வேண்டாம்.

நிறம் மாறிய குளிசை. இது எனக்குக் கொஞ்சம் மனச்சங்கடமான விஷயம், ஏனென்றால் நான் சேனக பிபிலேயின் கட்சி. மருந்தை அதன் உண்மைப் பெயரால் வாங்கு, கம்பனிப் பெயருக்குக் காசு கொடாதே என்று அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை உண்டாக்கிய மனிதர் அவர். பரசிட்டமோலிலும் பிரஷர்க் குளிசையிலும் அது நூற்றுக்கு நூறு சரி. டாக்ரோலிமஸில் மட்டும் ஒரு நிபந்தனை. மலிவான கம்பனி கூடாது என்று நான் சொல்லவில்லை, நன்றாக வேலை செய்யும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது உடம்புக்குள் போகும் அளவு சற்று மாறலாம். மற்ற மருந்தில் அந்தச் சற்று ஒன்றும் செய்யாது, இதில் செய்யும். ஆகவே கம்பனி மாறினால் டொக்டருக்குத் தெரியவேண்டும், ஒரு வாரம் அளவில் இரத்த அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும். போன மாதம் மாறியதற்குப் பிறகு பார்த்தீர்களா? பார்க்காவிட்டால் இந்த வாரமே பாருங்கள். வெறும் பெட்டியை எறியாமல் பாமசிக்குக் கொண்டுபோய் அதே பெட்டியைக் கேளுங்கள். நாளுக்கு ஒரு தடவை போடும் வகையும் உண்டு. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், மாறித் தந்தால் ஆபத்து. 2022ஐ மறக்கவும் வேண்டாம். டொலர் இல்லாமல் மருந்து வராத அந்த மாதங்களில் சென்னையிலிருந்து யார் வந்தாலும் அவருடைய பையில் யாரோ ஒருவரின் குளிசை இருந்தது. இப்போது கிடைக்கிறதே என்று கடைசி அட்டை வரைக்கும் விடாமல், ஒரு மாதத்துக்கு மேலதிகமாக எப்போதும் வைத்திருங்கள். சாப்பாட்டு மேசையில் வெயில் படும் இடத்தில் அல்ல. அட்டையிலிருந்து பிரித்துப் போத்தலில் கொட்டியும் அல்ல. கொழும்புக் காற்றின் ஈரம் அதற்கு ஆகாது.

இந்த மருந்தை ஈரலிலும் குடற்சுவரிலும் இருக்கும் ஒரு நொதிதான் உடைத்துத் தள்ளுகிறது. அந்த நொதியை யார் தடுத்தாலும் மருந்து ஏறும், யார் தூண்டினாலும் இறங்கும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சணத்துக்கான ஃபுளுகோனசோல், பிரஷருக்கான டில்டியாசெம் எல்லாம் ஏற்றும். வலிப்புக்கான ஃபெனிடோயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வேகமாக இறக்கும். ரிஃபாம்பிசின் தொடங்கினால் டாக்ரோலிமஸைப் பல மடங்கு கூட்டினாலும் சில வேளை பிடிக்க முடியாது. எங்கள் நாட்டில் காசநோய் இன்னும் இருப்பதால் இது ஏட்டுப் பயம் அல்ல. கிரேப்ஃபுரூட் வேண்டாம். அதன் அண்ணன், சிங்களத்தில் ஜம்போல என்கிற பம்பளிமாஸும் வேண்டாம். தோடம்பழம் சாப்பிடலாம். மூட்டு நோவுக்கு டைக்ளோஃபெனக்கோ இபுபுரொஃபெனோ போட்டால் சிறுநீரகத்தில் டாக்ரோலிமஸோடு சேர்ந்து இரண்டும் அடிக்கும். நோவுக்குப் பனடோல்தான், அதுவும் அளவாக. காய்ச்சலுக்கு மட்டும் வீட்டில் பனடோல் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வயிற்றோட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். எல்லாரும் தலைகீழாக நினைப்பார்கள். "எல்லாம் வெளியே போகுது, மருந்தும் போயிருக்கும், இன்னொன்று போடுவோம்" என்று. மைக்கோபெனோலேட்டுக்கு என்ன ஆனாலும் டாக்ரோலிமஸ் வயிற்றோட்டத்தில் கூடும். குடற்சுவர் புண்ணாகும்போது அதை உடைக்கும் நொதியும் வெளியே தள்ளும் பம்பும் சோர்ந்துவிடுகின்றன. கை நடுக்கம் அதிகரித்து, தலையிடித்து, சிறுநீரக அளவு ஏறிய பிறகுதான் தெரியும். இரண்டு நாளைக்கு மேல் வயிற்றோட்டம் என்றால் இரத்த அளவைப் பார்க்க வேண்டும்.

இனி மாமியின் கசாயம். மாமி அன்பில்தான் செய்கிறா, சண்டை பிடிக்காதீர்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: அத்தான் காலையில் மூன்று குளிசை போட்டு எதிர்ப்புச் சக்தியைத் தூங்க வைக்கிறார், பத்து மணிக்கு மாமி ஒரு தம்ளர் கொடுத்து எழுப்புகிறா. சீந்திலுக்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பேர் இருக்கிறது, போதாக்குறைக்குச் சிலருக்கு ஈரலைக் கெடுத்ததாகவும் டொக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மஞ்சள் கறியில் போடும் அளவு பரவாயில்லை, கப்சியூலாக வேண்டாம். கொத்தமல்லி அவித்து ஒருநாள் குடித்தால் குடி முழுகாது. "எதிர்ப்புச் சக்தி கூட்டும்" என்று பக்கெட்டில் எழுதியிருந்தால் அது வீட்டில் மற்றவர்களுக்கு, அத்தானுக்கு இல்லை. மாமிக்கு ஒரு வேலை கொடுங்கள்: காலை எட்டு, இரவு எட்டு, குளிசைக்குப் பொறுப்பு மாமி. அந்தத் தலைமுறை ஆட்கள் நேரம் தவறமாட்டார்கள்.

சாப்பாடு. முதல் வருடம் முடியும்வரை கொஞ்சம் கெடுபிடியாக இருங்கள். காலிமுகத்திடலில் விற்கும் இறால் வடை, வெட்டி வைத்த அன்னாசி, மண் சட்டி எருமைத் தயிர், ரோட்டோரத்துக் கரும்புச் சாறு ஒன்றும் வேண்டாம். வல்லாரைச் சம்பல் ஆசையாக இருந்தால் வீட்டில், ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவி. அதையும் இப்போதைக்குச் சுண்டித் தந்தால் எனக்கு நிம்மதி. தண்ணீர் கொதித்தாறியது. வெள்ளம் வந்தால் அதில் கால் வைக்கக்கூடாது, எலிக்காய்ச்சல் இருக்கிறது. நுளம்புவலை கட்டுங்கள். டெங்கு காலத்தில் உடம்பு சுட்டால் அன்றைக்கே போக வேண்டும், ஏனென்றால் இவருக்குக் காய்ச்சல் பெரிதாக ஏறாமலே தொற்று பரவலாம். ஸ்டீரொயிட் அதை மறைத்துவிடும். கோட்ரைமொக்சசோல் என்ற குளிசை சீட்டில் இருந்தால் "இது எதற்கு, கிருமி இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள். நிமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்று வராமலிருக்கவே அது. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் இவருக்கு ஆகாது: சின்னமுத்து, கொப்பளிப்பான், மஞ்சட்காய்ச்சல் ஊசிகள். ஃபுளு ஊசி போடலாம், போட வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் போலியோச் சொட்டு கொடுக்கும் முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தூரத்துக் கெடுதல்கள் வேறு. டாக்ரோலிமஸும் ஸ்டீரொயிட்டும் சேர்ந்து முன்பு இல்லாத சீனி வருத்தத்தைக் கொண்டுவரும், பிரஷர் ஏறும், சிறுநீரகம் மெல்லத் தேயும். வெயிலில் தோற் புற்றுநோய்க்கான ஆபத்து கூடும், குடையும் நீளக் கைச் சட்டையும் போதும். பிளைபெர்க்குக்கு வந்த அந்தக் குழாய் அடைப்பு இன்றைக்கும் வருகிறது. அதற்குத்தான் கொலஸ்ட்ரோல் நன்றாக இருந்தாலும் ஸ்டாடின் குளிசை கொடுக்கிறார்கள், அதற்குத்தான் நெஞ்சு நோவே இல்லாதவருக்கு வருடாந்தம் அஞ்சியோகிராம் செய்யக் கூப்பிடுகிறார்கள். "நல்லாத்தானே இருக்கிறன்" என்று அத்தான் அதைத் தள்ளிப்போட்டால் மேலே நரம்பைப் பற்றி எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். இந்தப் பதிலை வாசிக்கும் பெண்களுக்கு ஒரு வரி: மைக்கோபெனோலேட் போடும்போது கர்ப்பம் தங்கக்கூடாது, பிள்ளைக்கு ஊனம் வரலாம். பிள்ளை வேண்டுமென்றால் டொக்டரோடு பல மாதம் முன்கூட்டியே கதைத்து மருந்தை மாற்ற வேண்டும்.

பயமுறுத்தி முடித்துவிட்டேனா தெரியவில்லை. இதயம் மாற்றியவர்களில் பாதிப்பேருக்கு மேல் இப்போது பத்து வருடம் தாண்டுகிறார்கள். அந்த 18 நாளை நினைத்துப் பாருங்கள்.

விரதம் பற்றியும் யாராவது கேட்பார்கள். நோன்பு பிடிக்கும் எங்கள் முஸ்லிம் சகோதரர்களுக்குக் கொழும்பில் சஹருக்கும் இஃப்தாருக்கும் இடையே ஏறக்குறைய பதின்மூன்றரை மணித்தியாலம், வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது. மருந்து நேரத்தை டொக்டர் அதற்கேற்ப ஒழுங்குபண்ண முடியுமா என்று ரமழானுக்கு முன்பே கேளுங்கள், தானாக நேரத்தை நகர்த்தாதீர்கள். கந்தசஷ்டிக்குத் தண்ணீரும் இல்லாமல் ஆறு நாள் இருப்பது அத்தானுக்கு வேண்டாம். சிறுநீரகம் தாங்காது. முருகன் கோபிக்கமாட்டார்.

நல்லூர். முதல் வருடம் தேர், தீர்த்தம் அன்று அந்தச் சனத்துக்குள் போவதை நான் விரும்பமாட்டேன். கொடியேறி இரண்டு மூன்று நாளுக்குள், காலைப் பூசைக்கு, முகக்கவசத்தோடு போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம், டொக்டர் சரி என்றால். பிரதட்டை வேண்டாம், அந்த மணலும் புழுதியும் நுரையீரலுக்கு ஆகாது. ரோட்டில் வெறுங்காலோடு தூரம் நடக்கவும் வேண்டாம். கால் வெட்டினால் ஆறுவது மெல்ல.

பஸ்ஸில் போவதானால் வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ் எடுப்பீர்கள். எட்டு மணிக் குளிசை ஓடும் பஸ்ஸில்தான் வரும், காலை எட்டு மணி யாழ்ப்பாணத்தில். இரண்டையும் பெரிய பையில் வைத்துக் கீழே லக்கேஜில் போடாமல் அத்தானின் சட்டைப் பையில் வையுங்கள், பக்கத்தில் கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தல். வீதி மறித்து ஒருநாள் பிந்தினாலும் சமாளிக்க மூன்று நாளுக்கு மேலதிகக் குளிசை. அலாரத்தை அவருடைய போனிலும் உங்களுடையதிலும் வையுங்கள். பஸ்ஸில் படம் போட்டால் ஒன்று கேட்காது.